இங்கே குரூப் கிடையாது: சிட்னி ஹைஸ்கூலில் இயர் 7 முதல் 12 வரை

மகள் இயர் 10 படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஏழு கோடு போட்டிருந்தது. முதல் கோட்டில் மட்டும் 'இங்கிலீஷ்' என்று அச்சடித்திருந்தது, மீதி ஆறும் காலி. அதில் அடுத்த இரண்டு வருஷத்துக்கு என்ன படிக்கப் போகிறாள் என்று எழுதித் தரவேண்டுமாம். நான் வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி என்று மடமடவென எழுதிவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்து முழித்தேன். நம்ம ஊர் ஃபர்ஸ்ட் குரூப் அத்தோடு முடிந்துவிடுகிறதே, அதற்கு மேல் என்ன எழுதுவது? மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இங்க குரூப்பே கிடையாதுப்பா" என்றாள்.

அன்றைக்குப் புரியாதது புரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. தமிழ்நாட்டு பிளஸ் டூவையோ இலங்கை ஏ.எல்.-ஐயோ மனசில் வைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்து இறங்குகிற எல்லாருக்கும் இதே குழப்பம்தான் வருகிறது. அதனால் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஹைஸ்கூல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். இது இந்த மாநிலத்துக்கு மட்டும். மெல்பர்ன் இருக்கிற விக்டோரியாவிலும் பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்திலும் சான்றிதழின் பெயரும் விதிகளும் வேறு, அங்கே இருக்கிற சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள்.

ஹைஸ்கூல் என்றால் இயர் 7-லிருந்து 12 வரை, ஆறு வருஷம். ஆனால் அதை ஒரே ஏணியாக நினைக்கக் கூடாது, நாலும் இரண்டுமாக உடைத்த ஏணி அது. 7 முதல் 10 வரை ஜூனியர், 11-ம் 12-ம் சீனியர். இந்த உடைப்பு ஹரால்ட் விண்டம் என்ற கல்வித்துறை இயக்குநர் தலைமையிலான குழு 1957-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் இங்கே ஹைஸ்கூல் ஐந்து வருஷம்தான். 1962-இல் சேர்ந்த பிள்ளைகள்தான் புதிய முறையின் முதல் செட், அவர்கள் 1967-இல் முதல் எச்.எஸ்.சி. எழுதினார்கள். எச்.எஸ்.சி. என்பது இயர் 12 முடிவில் கிடைக்கும் சான்றிதழ், நம்ம பிளஸ் டூ மாதிரி. நாலாவது வருஷ முடிவிலும் ஸ்கூல் சர்டிபிகேட் என்று ஒரு பொதுத்தேர்வு இருந்தது, 2011-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, இயர் 10-இல் இப்போது பத்தாங்கிளாஸ் பரீட்சை மாதிரி எதுவும் இல்லை. இதைச் சொன்னால் என் அம்மா இன்றுவரை நம்பமாட்டேன் என்கிறார்.

ஜூனியர் நாலு வருஷத்தில் பிள்ளைக்குச் சொல்லுரிமை குறைவு. எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், வரலாறு, புவியியல், உடற்கல்வியும் ஆரோக்கியமும் சேர்ந்த பாடம், இவை நாலு வருஷமும் ஏதோ ஒரு வடிவில் கூடவே வரும். இது போக இசைக்கு 100 மணிநேரம், ஓவியத்துக்கு 100 மணிநேரம், டெக்னாலஜிக்கு 200 மணிநேரம், அப்புறம் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிக்கு 100 மணிநேரம் என்று கட்டாயக் கணக்கு இருக்கிறது. டெக்னாலஜி என்றதும் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டேன். மகள் இயர் 7-இல் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் 'டெக்னாலஜி' ஒரு தையல் போட்ட பென்சில் பை, அடுத்தது ஒரு மரப்பெட்டி, அதற்கடுத்தது தகரப் பெட்டியில் ஆறிப்போன பாஸ்தா.

இயர் 9-க்குப் போகும்போது முதல்முறையாக ஜன்னல் கொஞ்சம் திறக்கும். கட்டாயப் பாடங்களோடு இரண்டோ மூன்றோ எலெக்டிவ் எடுத்துக்கொள்ளலாம். காமர்ஸ், ஃபுட் டெக்னாலஜி, நாடகம், மரவேலை, புகைப்படம், ஏதாவது ஒரு மொழி என்று பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும், ஏனென்றால் எந்தப் பாடத்துக்குப் போதுமான பிள்ளைகள் கை தூக்குகிறார்களோ, எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் ஓடும். பெற்றோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். காமர்ஸ் எடுக்காதவள் பின்னால் இகனாமிக்ஸ் எடுக்கமுடியாது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று, மேத்ஸ். இயர் 9, 10-இல் எல்லாரும் ஒரே மேத்ஸ் படிப்பதில்லை. முன்பு இதை 5.1, 5.2, 5.3 என்று மூன்று படியாகச் சொல்வார்கள், பல வீடுகளில் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். புதிய பாடத்திட்டத்தில் எல்லாருக்கும் பொதுவான 'கோர்' ஒன்றும் அதற்கு மேல் 'பாத்' என்ற கூடுதல் பகுதிகளும் இருக்கின்றன. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: அந்தக் கூடுதல் பகுதிகளைத் தொடாமல் வந்த பிள்ளை இயர் 11-இல் கடினமான மேத்ஸில் உட்கார்ந்தால் மூச்சுத் திணறும். அதனால் இயர் 8 கடைசியில் ஆசிரியரைச் சந்திக்கும்போது "நல்லா படிக்கிறாளா" என்று கேட்பதற்குப் பதில் "எந்த மேத்ஸ் வகுப்பில் போடப்போகிறீர்கள்" என்று கேளுங்கள்.

இயர் 10 முடிந்ததும் சட்டப்படி 17 வயதுவரை பிள்ளை பள்ளியிலோ, தொழிற்பயிற்சியிலோ, வாரத்துக்கு சராசரி 25 மணிநேர சம்பள வேலையிலோ இருக்கவேண்டும். கார்பென்டர், எலக்ட்ரீஷியன் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்து போகிறவர்கள் இந்த இடத்தில்தான் கிளம்புவார்கள். அவர்கள் கையில் அதுவரை படித்ததற்கான சான்று ஒன்று இருக்கும். நம்மவர்கள் வீட்டில் இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறார்கள். பிளம்பர் வந்து குழாய் மாற்றிவிட்டுக் கொடுக்கிற பில்லைப் பார்த்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

சரி, சீனியர். இங்கேதான் முழு ஆட்டமும் மாறுகிறது.

சீனியரில் நாணயம் 'யூனிட்'. ஒரு யூனிட் என்றால் வருஷத்துக்குச் சுமார் 60 மணிநேர வகுப்பு, 50 மதிப்பெண். பெரும்பாலான பாடங்கள் 2 யூனிட், அதாவது 120 மணிநேரம், 100 மதிப்பெண். இயர் 11-இல் குறைந்தது 12 யூனிட் படிக்கவேண்டும், இயர் 12-இல் குறைந்தது 10. இதில் கட்டாயம் என்று இருப்பது 2 யூனிட் இங்கிலீஷ் மட்டுமே. ஆமாம், மேத்ஸ்கூடக் கட்டாயம் இல்லை. மேத்ஸே இல்லாமல் ஒரு பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கலாம் என்று கேட்டபோது எங்கள் தெருவில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, "கடவுளே, கணக்கில்லாம ஒரு பிள்ளையா" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டார்.

இங்கிலீஷ் தவிர மற்றதை எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம். பிசிக்ஸ் பக்கத்தில் நாடகம், கெமிஸ்ட்ரி பக்கத்தில் மாடர்ன் ஹிஸ்டரி, இகனாமிக்ஸ் பக்கத்தில் மரவேலை. பள்ளியின் கால அட்டவணையில் இரண்டும் ஒரே நேரத்தில் வராமல் இருந்தால் போதும், நடைமுறையில் அந்த ஒன்றுதான் குறுக்கே நிற்கும். கண்ஸ்ட்ரக்‌ஷன், ஹாஸ்பிடாலிட்டி மாதிரி தொழிற்கல்விப் பாடங்களும் உண்டு, அவற்றில் எச்.எஸ்.சி. யூனிட்டோடு தொழிற்சான்றும் சேர்ந்து கிடைக்கும்.

ஒரே பாடத்துக்குள்ளும் படிகள் இருக்கின்றன. மேத்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்ட் என்பது வட்டி, வரைபடம், புள்ளிவிவரம் என்று அன்றாட வாழ்க்கைக்கான கணக்கு. அட்வான்ஸ்ட் என்பது கால்குலஸ் உள்ளே வரும் 2 யூனிட் பாடம். அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன் 1 என்று ஒரு யூனிட் கூடுதலாக ஒட்டிக்கொள்ளலாம். இயர் 12-இல் மட்டும் எக்ஸ்டென்ஷன் 2 உண்டு, காம்ப்ளெக்ஸ் நம்பர், மெக்கானிக்ஸ் எல்லாம் அதில். 'த்ரீ யூனிட் மேத்ஸ், ஃபோர் யூனிட் மேத்ஸ்' என்று பழைய ஆட்கள் சொல்வது இந்த இரண்டைத்தான். இங்கிலீஷிலும் ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட், எக்ஸ்டென்ஷன் உண்டு, ஆங்கில வழியில் படிக்கத் தொடங்கி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகாத பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு இங்கிலீஷும் இருக்கிறது. போன வருஷம் சென்னையிலிருந்து வந்து இறங்கிய குடும்பம் என்றால் அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது காலக் கணக்கு, இதில் ஏமாறாத பெற்றோரே கிடையாது. இங்கே பள்ளி வருஷம் ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நாலு டெர்ம். ஆனால் இயர் 11-க்கு மூன்றே டெர்ம். செப்டம்பரில் இயர் 11 தேர்வு முடிந்து, அக்டோபரில் நாலாவது டெர்ம் திறக்கும்போதே அவர்கள் இயர் 12 பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். காலண்டரில் வருஷம் மாறியிருக்காது, சட்டையில் பேட்ஜ் மாறியிருக்கும். நான் அந்த டிசம்பரில் ஆறு வாரம் கோயம்புத்தூர் போய்வர டிக்கெட் போட்டு வைத்திருந்தேன், இயர் 12 ஜனவரியில்தானே என்று. டிசம்பர் முதல் வாரத்தில் அவளுக்குக் கெமிஸ்ட்ரியில் எச்.எஸ்.சி. கணக்கில் சேரும் முதல் அசெஸ்மென்ட். டிக்கெட்டை மாற்றக் கட்டிய காசை இங்கே எழுத மனசு வரவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இயர் 11 மதிப்பெண் எச்.எஸ்.சி.-யில் சேராது. ஒழுங்காகப் படித்து முடித்தோம் என்று பள்ளி சொன்னால் போதும், எண் எங்கேயும் போகாது. அதனால் இயர் 11 என்பது சட்டையைப் போட்டுப் பார்க்கிற வருஷம். அட்வான்ஸ்ட் மேத்ஸ் இறுக்கமாக இருந்தால் ஸ்டாண்டர்டுக்கு இறங்கலாம், பிடிக்காத பாடத்தை வருஷ முடிவில் கழற்றிவிடலாம். 12 யூனிட் 10 ஆகக் குறையலாம் என்று வைத்திருப்பதே அதற்குத்தான்.

இயர் 12-இல் மதிப்பெண் இரண்டு பாதியாக வரும். ஒரு பாதி பள்ளியில் வருஷம் முழுக்க நடக்கும் அசெஸ்மென்ட், பாடத்துக்கு நாலுக்கு மேல் வைக்கக்கூடாது என்று விதி. இன்னொரு பாதி அக்டோபர் நவம்பரில் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நடக்கும் பொதுத்தேர்வு. அதற்கு முன்னால் ஜூலை ஆகஸ்ட் வாக்கில் பள்ளியில் 'ட்ரையல்' என்று ஒரு ஒத்திகை, பல பள்ளிகளில் அதுவும் அந்த நாலில் ஒன்று.

உடனே நமக்குத் தோன்றும், பாதி மதிப்பெண் பள்ளி கையில் என்றால் பள்ளிகள் அள்ளிப் போடாதா? போடலாம், பிரயோஜனம் இல்லை. ஏனென்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ஒரு பள்ளியில் பிசிக்ஸ் படிப்பது மூன்றே பேர். பள்ளி அவர்களுக்கு 98, 94, 90 என்று தாராளமாகப் போட்டு அனுப்புகிறது. பொதுத்தேர்வில் அந்த மூன்று பேரும் வாங்கியவை 85, 80, 70, யார் எது வாங்கினார்கள் என்பது இப்போதைக்கு வேண்டாம். தேர்வு வாரியம் என்ன செய்யும் தெரியுமா? பள்ளி போட்ட 98-ஐத் தூக்கி அந்த இடத்தில் 85 வைக்கும், மூன்று பேரின் சராசரியும் தேர்வுச் சராசரிக்குச் சமமாக வரும்படி மற்றதையும் இறக்கும். நம் கணக்கில் அவை கிட்டத்தட்ட 80, 70 என்று வந்து நிற்கும். பள்ளி சொன்னதில் மிஞ்சுவது வரிசையும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இருந்த இடைவெளி ஓரளவும்தான். பள்ளியில் முதல் ரேங்க் வாங்கிய பையன் தேர்வன்று காய்ச்சலில் 70 எழுதினாலும் அவனுடைய பள்ளிப் பாதி 85-ஆகவே நிற்கும், இரண்டும் சேர்ந்து சராசரி 77.5. ஆகவே "டெஸ்ட்ல எவ்வளவு மார்க்?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அவள் 62 என்று சொன்னால் உங்களுக்கு ரத்தம் கொதிக்கும், அது வகுப்பில் இரண்டாவது ரேங்காக இருக்கலாம்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. உங்கள் பிள்ளையின் பள்ளிப் பாதியைத் தீர்மானிப்பதில் கூடப் படிக்கிற பிள்ளைகளின் தேர்வுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இயர் 12 பிள்ளைகள் நோட்ஸை மறைத்து வைக்காமல் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். முதலில் எனக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏட்டார் என்று ஒரு எண் வரும், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு. இது மதிப்பெண்ணே இல்லை, வரிசையில் நிற்கிற இடம். ஏட்டார் 80 என்றால் தன் வயதுக் கூட்டத்தில் 80 சதவீதம் பேரைவிட முன்னால் நிற்கிறாள் என்று பொருள். 'வயதுக் கூட்டம்' என்பதில் நடுவில் படிப்பை விட்டுப் போனவர்களும் சேர்த்தி, அதனால்தான் ஏட்டார் வாங்குகிறவர்களின் நடு எண் 50-இல் இல்லாமல் 70-ஐ ஒட்டி இருக்கிறது. உச்சம் 99.95, நூறு கிடையாது. ஊருக்கு போன் போட்டு "எழுபத்தெட்டு" என்று சொன்னால் அங்கே "எழுபத்தெட்டு பர்சென்ட்டா, பரவாயில்லை, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார்கள், விளக்கிச் சொல்லிப் பயனில்லை.

ஏட்டாருக்கு எண்ணப்படுவது 10 யூனிட்: இங்கிலீஷில் சிறந்த 2, மற்றவற்றில் சிறந்த 8. அதற்கு முன்னால் 'ஸ்கேலிங்' நடக்கும். கடினமான பாடத்துக்குக் கூடுதலாகப் போடுவார்கள் என்று எல்லா டியூஷன் சென்டர் வாசலிலும் பேசிக்கொள்வார்கள். உண்மையில் பாடத்தின் கடினத்தை யாரும் அளப்பதில்லை. ஒரு பாடத்தை எடுத்த பிள்ளைகள் தங்களுடைய மற்றப் பாடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து அந்தக் கூட்டத்தின் பலத்தை வைத்து ஏற்றி இறக்குகிறார்கள். மேத்ஸ் எக்ஸ்டென்ஷன் 2 எடுப்பவர்கள் மற்றதிலும் கில்லாடிகளாக இருப்பதால் அது ஏறுகிறது. ஆனால் நடுத்தரமாக வருகிற பிள்ளையை ஸ்கேலிங்குக்காக அதில் தள்ளினால் கூட்டத்தின் வாலில் நிற்பாள், வாலுக்கு ஏற்றம் பெரிதாக உதவாது. பயாலஜி இல்லாமல் டாக்டருக்குப் படிக்கமுடியாது என்பதும் இங்கே செல்லாது. யூ.என்.எஸ்.டபிள்யூ. என்கிற நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மருத்துவத்துக்கே பயாலஜி முன்நிபந்தனை இல்லை, அங்கே ஏட்டாரோடு யூகேட் என்ற தனித்தேர்வும் நேர்காணலும் சேர்ந்துதான் ஆளைப் பிரிக்கும். இன்ஜினியரிங்குக்கு மேத்ஸை விடாமல் இருப்பது நல்லது, அதை மட்டும் மறுக்கமாட்டேன்.

தமிழும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தமிழ் கண்டின்யூவர்ஸ் என்று 2 யூனிட் எச்.எஸ்.சி. பாடம், எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. பிள்ளை படிக்கிற பள்ளியில் இது இருக்காது. சனிக்கிழமைகளில் அரசு நடத்தும் மொழிப்பள்ளிக்குப் போய்ப் படிக்கவேண்டும், மதிப்பெண் மற்றப் பாடங்களைப் போலவே எச்.எஸ்.சி.-யிலும் ஏட்டாரிலும் சேரும். பெயரில் இருப்பது போலவே இது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கான பாடம், இயர் 11-இல் திடீரென்று ஞானோதயம் வந்து அ, ஆ-விலிருந்து தொடங்குவதற்கு இல்லை. என் மகள் இயர் 7 முதலே சனிக்கிழமை தூக்கத்தைத் துறந்து போய்வந்தாள். ஜூனியர் நாலு வருஷமும் வாராவாரம் சண்டை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு சின்ன முட்டுக்கட்டைகள் உண்டு. வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றிலும் குறைந்தபட்சத் தகுதி காட்டும் ஆன்லைன் சோதனையில் தேறினால்தான் எச்.எஸ்.சி. சான்றிதழ் கிடைக்கும், இயர் 10-இலிருந்தே எழுதலாம், தவறினால் திரும்ப எழுதலாம். அப்புறம், காப்பி அடிக்காமல் எழுதுவது எப்படி என்று 'ஆல் மை ஓன் வொர்க்' என்ற ஒரு பயிற்சியை முடிக்கவேண்டும். நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற செலக்டிவ் பள்ளி, சாதாரண அரசுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி எதுவானாலும் எச்.எஸ்.சி.-க்கு இதே விதிகள்தான். சில தனியார் பள்ளிகளில் இதற்குப் பதில் ஐ.பி. டிப்ளமா என்ற சர்வதேசப் படிப்பை எடுக்கலாம், அது தனிக் கதை.

எங்கள் வீட்டுத் தாளுக்கு வருகிறேன். நான் பென்சிலில் எழுதியதை அவள் ரப்பர் போட்டு அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினாள்: இங்கிலீஷ் அட்வான்ஸ்ட், மேத்ஸ் அட்வான்ஸ்ட், மேத்ஸ் எக்ஸ்டென்ஷன் 1, கெமிஸ்ட்ரி, மாடர்ன் ஹிஸ்டரி, தமிழ், கடைசிக் கோட்டில் இண்டஸ்ட்ரியல் டெக்னாலஜி, அதாவது மரவேலை. மொத்தம் 13 யூனிட். அந்தக் கடைசிக் கோட்டுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இயர் 12-இல் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு 11-க்கு வந்தாள், நான் டிக்கெட்டை மாற்றிய அதே கெமிஸ்ட்ரி. மரவேலையை விடவில்லை. அதில் 'மேஜர் ப்ராஜெக்ட்' என்று வருஷம் முழுக்க ஒரு பொருளைச் செய்து, எப்படிச் செய்தோம் என்ற பதிவேட்டோடு ஒப்படைக்கவேண்டும், அதற்குக் கணிசமான மதிப்பெண். அவள் செய்தது ஒரு ஆளுயர அலமாரி, ஆணியே இல்லாமல் மூட்டுக்கு மூட்டு பொருத்தியது. இப்போது அதில் என் மனைவி மளிகை வைக்கிறாள், மேல் தட்டில் பருப்பு டப்பாக்கள், கீழே பத்து கிலோ அரிசிப் பை.